அமாவாசைத் தரை

என் வேலை என்னவென்று செஞ்சியில் யார் கேட்டாலும் நைனா, அதாவது என் அப்பா, முந்திக்கொள்வார். "கம்ப்யூட்டர்ல வண்டிய வுட்டு ஆள இடிக்கிறா. அதுக்கு சம்பளம் வேற குடுக்குறானுங்க" என்பார். ஒருமுறை என்னைப் பெண் பார்க்க வந்த குடும்பம் இதைக் கேட்டுவிட்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனது. நான் வருத்தப்படவில்லை. நைனா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, காபியும் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு புது வண்டி சாலைக்கு வருவதற்கு முன்னால், அது நடந்து போகிறவர் மேல் மோதினால் அவர் காலில் எவ்வளவு விசை விழும், இடுப்பில் எவ்வளவு, தலையில் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்காக நிஜ ஆளை நிறுத்தி மோத முடியாது. கணினிக்குள் ஓர் ஆளைச் செய்து மோதவிடுகிறோம். கணினிக்குள் எதுவுமே கெட்டி கிடையாது என்பதுதான் இதில் சிக்கல். சொல்லிக்கொடுக்காவிட்டால் பம்பர் முழங்காலுக்குள் புகுந்து மறுபக்கமாக வெளியே வந்துவிடும். 'தொட்டால் தள்ளு' என்று இரண்டுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு நூலளவு உள்ளே போகவிட்டு, எவ்வளவு போனதோ அதற்கேற்ப வெளியே தள்ளுகிற ஒரு ஸ்பிரிங்கை நடுவில் வைக்கிறோம். ஸ்பிரிங் விறைப்பாகப் போனால் ஆள் பந்து மாதிரி எகிறுவார். தொளதொளவென்று போனால் வண்டிக்குள் பாதி ஆள் அமிழ்ந்துவிடுவார். இதோடு, தொட்ட இரண்டு பொருளும் எவ்வளவு வழுக்கும், எவ்வளவு பிடிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த வேலையில் என்னை மிஞ்ச எங்கள் நிறுவனத்தில் ஆள் இல்லை. தற்பெருமைதான், இருக்கட்டும்.

நிறுவனம் சென்னையில் இருக்கிறது. நான் செஞ்சியில், எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். கரண்ட் போகும்போதெல்லாம் மின்வாரியத்தைத் திட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன்.

என் தம்பி நிஜ வண்டி ஓட்டுகிறவன். குட்டியானை என்று ஊரில் சொல்லும் சின்ன லோடு வண்டியில் அவலூர்பேட்டையிலிருந்து காய்கறி ஏற்றிவந்து செஞ்சிக் கடைவீதியில் இறக்குவான். ஆனால் அவன் கண் எப்போதும் பஸ் மேல்தான். சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, வாயாலேயே ஹாரன் அடித்து, வீட்டுக்குள் திருவண்ணாமலை பஸ் ஓட்டியவன். அரசு பஸ் ஓட்டுநர் வேலைக்கான தேர்வெல்லாம் முடித்துத் தேறியும் விட்டான். உத்தரவு வருவது மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் ஓர் அமாவாசைச் சாயங்காலம் அந்த அம்மாவை இடித்தான்.

அமாவாசை என்றால் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற சிறப்பு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைவீதியில் கால் வைக்க இடம் இருக்காது. அவலூர்பேட்டைப் பக்கத்து அம்மா ஒருவர், ஐம்பது வயது இருக்கும், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் குறுக்கே வந்திருக்கிறார். தம்பி பிரேக் அடித்திருக்கிறான். வண்டி நிற்காமல் அவரை இடித்து, அவரையும் முன்னால் தள்ளிக்கொண்டு வெகுதூரம் போய்த்தான் நின்றது. அவர் செருப்பு ஓரிடத்தில் கிடந்தது, அவர் இன்னோரிடத்தில் கிடந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"பறந்து வந்தான் சார்" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். "ஆள அப்டியே தூக்கி வீசிட்டான்."

தம்பி சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பிரேக்கு புடிச்சேன். நிக்கல."

வண்டியைப் பரிசோதிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். மோட்டார் வாகன ஆய்வாளருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். சிரிப்பையே மறந்துவிட்ட முகம். ஓட்டிப் பார்த்தார், மிதித்துப் பார்த்தார், சக்கரத்தைக் கழற்றியும் பார்த்தார். பிரேக் அருமையாக இருந்தது. அதோடு தம்பி பொய்யன் ஆகிவிட்டான். மறுநாள் காலையில் இன்சூரன்ஸ் சர்வேயர் டேப் பிடித்து, சாலையில் சக்கரம் தேய்ந்த தடத்தை அளந்தார். பதினோரு மீட்டர். கண்மூடித்தனமாக ஓட்டினான் என்று வழக்கு ஆயத்தமானது. அந்த வழக்கு நின்றால் அரசு பஸ் கிடையாது, ஆயுசுக்கும் கிடையாது.

நான் மேலாளரிடம் கேட்டுக்கொண்டு, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் தம்பியின் விபத்தைக் கணினிக்குள் கட்டினேன். குட்டியானைக்குத் தட்டையான முகம். அதற்கு எதிரே அந்த அம்மாவின் உயரத்துக்கு ஓர் உருவம். காய்ந்த தார் ரோடு, பதினோரு மீட்டர் தடம். தம்பி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உயிரே அந்தத் திரையில் இருந்தது.

"இன்னாக்கா சொல்லுது?"

"நாப்பத்தஞ்சு."

"நான் இருவதுலதான் வந்தேன்."

"கணக்கு நாப்பத்தஞ்சுன்னு சொல்லுதுடா."

"அப்ப அந்தக் கணக்கையே தம்பின்னு கூப்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். சாம்பார் வேண்டும் என்றால்கூட நைனாவிடம் சொல்லி என்னிடம் கேட்டான்.

எனக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் தம்பி என்பதற்காக எண்ணைத் திருத்துகிறவள் இல்லை நான். அன்றைக்குத் திருத்தியிருந்தால் அதற்குப் பிறகு நான் சொல்லும் எந்த எண்ணும் ஒரு காசுக்குப் பெறாது. நைனா மட்டும், "உன் மிஷினுக்கு இன்னா தெரியும், அது இந்த ஊர்லயா பொறந்துச்சு?" என்று முனகிக்கொண்டே இருந்தார். அப்போது அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. நாற்பத்தைந்தில் மோதினால் காலில் என்ன விசை விழும் என்று பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு தாங்கவே தாங்காது. ஸ்பிரிங்கை இளக்கிப் பார்த்தேன், இறுக்கிப் பார்த்தேன், நியாயமாக எங்கே வைத்தாலும் எலும்பு முறிந்தது. அந்த அம்மாவுக்கு முறிந்ததோ மணிக்கட்டு மட்டும், அதுவும் விழும்போது கையை ஊன்றியதால். சீலைக்கட்டு காலைக் காப்பாற்றியிருக்குமோ என்று உருவத்துக்குச் சீலையும் சுற்றிப் பார்த்தேன். அதனால் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. ஆக, ரோடு ஒரு வேகம் சொல்கிறது, கால் வேறொரு வேகம் சொல்கிறது. இரண்டில் ஒன்று புளுகுகிறது.

எது புளுகுகிறது என்று பார்க்க நேரே போய்விட்டேன். அந்த அம்மா செஞ்சியிலேயே மகள் வீட்டில் கையில் மாவுக்கட்டோடு இருந்தார். சாத்துக்குடியும் பன்னும் வாங்கிக்கொண்டு போய், யார் வீட்டுப் பெண் என்பதை வாசலிலேயே சொன்னேன். மகள் முறைத்தாள். அந்த அம்மா உள்ளே வரச்சொன்னார். நலம் விசாரித்த கையோடு நான் இஞ்சி டேப்பை எடுத்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னைப் பாக்க வந்தியா, என் காலப் பாக்க வந்தியா?"

"ரெண்டையும்தாம்மா" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெண்டைக்காலுக்குப் பக்கத்தில் கன்றிப்போயிருந்தது, பம்பர் உயரத்துக்குச் சரியாக. எலும்பில் ஒன்றும் இல்லை. மறுநாளே எழுந்து நடந்திருக்கிறார். தம்பிக்கு லைசென்ஸ் போய்விடுமா என்று அவரே கேட்டார். வேகமில்லை என்று ஆனால் தனக்கு வரவேண்டிய ஆஸ்பத்திரிச் செலவு நின்றுபோகுமா என்றும் கேட்டார். நிற்காது, அது வண்டியின் இன்சூரன்ஸ், நானே கூட வந்து வாங்கித் தருகிறேன் என்றேன். அதில் அவருக்கு நிம்மதி. அதன்பிறகு பேச்சு சீலைக்குப் போனது.

"கை கூடிப்பூடும். அந்தச் சீலதான் போச்சு. மவ தீவாளிக்கு எடுத்துக் குடுத்தது. குங்குமம் அப்பிக்கிட்டு, தொவச்சாலும் போவல."

"குங்குமமா? ரத்தம் இல்லையா?"

"ரத்தம்னுதான் எல்லாரும் கத்துனாங்க. சொட்டு ரத்தம் வரலியே! ரோடு பூரா ஒடச்சிப்போட்ட பூசணிக்கா. கொழகொழன்னு கெடக்குது. அதுலதான் வழுக்கிக்கினே போனேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அமாவாசை அன்று செஞ்சிக் கடைவீதியில் எந்தக் கடைக்காரர் பூசணிக்காய் உடைக்காமல் இருப்பார்? உள்ளே குங்குமம் கொட்டி, மேலே சூடம் ஏற்றி, கடையைச் சுற்றி நடுரோட்டில் போட்டு உடைப்பார்கள். அதன் மேல் பஸ் ஏறும், ஆட்டோ ஏறும், வீதி முழுக்க மெழுகியதுபோல் ஆகிவிடும். மறுநாள் விடியலில் துப்புரவுப் பணியாளர்கள் வாரிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் சர்வேயர் டேப்போடு வந்தார். மிதிக்கக் கூடாது, தாண்டக் கூடாது என்பதால் யாரும் அதை உற்றுப் பார்ப்பதில்லை, அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. தம்பியும் சொல்லவில்லை. அமாவாசைக்கு அமாவாசை கிடப்பதை யார் கவனிப்பார்கள்? எங்கள் வீடு மாதா கோயிலுக்குப் போகிற வீடு. எங்களுக்குப் பூசணிக்காய் சாம்பாருக்கு மட்டும்தான். அது என் புத்தியில் ஏறவே இல்லை. காய்ந்த தார் ரோடு என்று நான்தான் கணினிக்குச் சொல்லியிருந்தேன். மிஷின் இந்த ஊரில் பிறக்கவில்லை, சரி. நான் பிறந்தேனே!

அந்த அம்மாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். மகள் எனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டியிருப்பாள்.

கடைவீதியில் காய்கறிக்கடை வைத்திருக்கும் பாய்தான் ஊருக்கே பூசணிக்காய் கொடுக்கிறவர். அவரிடம் பெரியதாக ஏழெட்டு எடுத்துக்கொண்டு, முள் காட்டும் அவருடைய தொங்கு தராசையும் இரவல் வாங்கினேன். வீட்டுக்கு முன்னால் இருக்கும் தார் ரோட்டில் ஒரு பழைய டயரை வைத்து, அதன் மேல் மணல் மூட்டை ஏற்றி, தராசில் கொக்கி மாட்டி நைனாவை இழுக்கச் சொன்னேன். காய்ந்த தாரில் பத்துக் கிலோ பாரத்தை நகர்த்த ஏழு கிலோ இழுப்பு வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு பூசணிக்காய்.

"ஒடைங்க நைனா."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு ஓங்கி உடைத்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு அத்தை, "சூடம் ஏத்தாம ஒடைக்கிறீங்களே" என்று ஓடிவந்து தானே ஏற்றிவிட்டுப் போனார். நசுக்கிவிட்டு இழுத்தால், இரண்டு கிலோ இழுப்புக்கு முன்னாலேயே டயர் கிளம்பிவிட்டது. நைனா மல்லாந்து விழப் பார்த்தார். மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தோம், அதேதான். உடைக்காத காய்களை ஒரு வாரம் சாம்பாராகவும் கூட்டாகவும் சாப்பிட்டோம்.

அந்த எண்ணைக் கணினிக்குள் போட்டேன். வேறு எதையும் தொடவில்லை. வண்டி பதினோரு மீட்டர் வழுக்கி நின்றது. அந்த அம்மாவின் உருவம் அதற்கு முன்னால் சறுக்கிக்கொண்டே போய், கையை ஊன்றி விழுந்தது. கால் எலும்பு முறியவில்லை. ரோடும் காலும் ஒரே வேகத்தைச் சொல்லிவிட்டன: இருபத்திரண்டு. நான் மாடியிலிருந்து போட்ட கூச்சலில் நைனா கரண்ட் அடித்துவிட்டது என்று நினைத்து மெயினை அணைத்துவிட்டார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் அவ்வளவு லேசில் மசியவில்லை. திரையைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஏம்மா, இது நீ செஞ்ச பொம்ம. நீ சொன்னா அது கேக்கும். தம்பிய காப்பாத்த எந்த அக்காதான் சொல்ல மாட்டா?"

"கேக்காது சார். இதே பொம்மைதான் மொதல்ல நாப்பத்தஞ்சுன்னு சொல்லிச்சு."

அதையும் காட்டினேன். அவர் கொஞ்சம் அசைந்தார். "தடம் கருப்பா இருந்துச்சே, பூசணிக்கா கருப்பாவா இருக்கும்?" என்றார். காய்ந்தபிறகு பாருங்கள் என்றேன். "சரி, ரோட்ல காட்டு. நான் ஓட்டுறேன்" என்றார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

லைசென்ஸ் எடுக்க வருகிறவர்கள் எட்டுப் போடுகிற இடம். பின்னால் கோட்டை மலை, முன்னால் நல்ல தார். அதே குட்டியானை, அன்றைக்கு இருந்த அளவு லோடு. தம்பி ஓட்டக் கூடாது என்பதால் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இன்னமும் என்னோடு பேச்சு இல்லை. பாய் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் கட்டோடு அந்த அம்மாவும் வந்திருந்தார். லைசென்ஸுக்கு வந்த கூட்டம் எட்டை மறந்துவிட்டு எங்களைச் சூழ்ந்துகொண்டது.

முதலில் காய்ந்த தாரில். இன்ஸ்பெக்டர் இருபத்திரண்டில் வந்து பிரேக் அடித்தார். வண்டி மூன்று மீட்டருக்குள் நறுக்கென்று நின்றது. இறங்காமலே என்னைப் பார்த்தார், இதுதானே நானும் சொன்னேன் என்பதுபோல.

அடுத்து பூசணிக்காய். நைனாவும் பாயும் போட்டி போட்டு உடைத்தார்கள். இரண்டு ஆட்டோவை அதன் மேல் போகச் சொல்லி நன்றாக மெழுகவிட்டோம். பிரேக் அடிக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டேன். பிறகு எல்லாரும் பார்க்க முன்னால் நடந்துபோய், வண்டி எங்கே நிற்கும் என்று என் கணக்கு சொன்னதோ அங்கே சாக்பீஸால் இன்னொரு கோடு போட்டேன். கூட்டத்தில் சிரித்தார்கள். "இருவது கிலோமீட்டர் வேகத்துல அவ்ளோ தூரமா? நடந்து வந்தே நிப்பாட்லாம்மா" என்றான் ஒருவன். நான் அந்தக் கோட்டின் மேலேயே சாக்பீஸை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

இன்ஸ்பெக்டர் அதே இருபத்திரண்டில் வந்தார். முதல் கோட்டில் பிரேக் அடித்தார். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. விசில் போட்டுக்கொண்டிருந்த கூட்டம் நாலடி பின்னால் ஒதுங்கியது. உள்ளே அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டைவிட்டே எழும்பிவிட்டார். வண்டி பாட்டுக்குச் சறுக்கிக்கொண்டு போய், என் சாக்பீஸ் கோட்டை ஒரு முழம் தாண்டி நின்றது.

ஒரு முழம்! கூட்டம் ஹோவென்று கத்தியது. அந்த அம்மா கட்டுப்போட்ட கையையும் மறந்து தட்டப் போய், "அய்யோ" என்று பிடித்துக்கொண்டார். நைனா யாரென்றே தெரியாத ஒரு பையனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கதவைத் திறந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் முதலில் செய்த காரியம், குனிந்து பிரேக்கைப் பார்த்ததுதான்.

மறுநாள் காலையில் அவர் தனியாக வந்து அந்தத் தடத்தைப் பார்த்தார். தூசி ஒட்டிக் காய்ந்து, சக்கரம் தேய்ந்த தடம் மாதிரியே கருத்திருந்தது. வேகம் காரணமில்லை என்று அறிக்கை போனது, வழக்கு அதோடு முடிந்தது. அந்த அம்மாவுக்கு வரவேண்டியதை நானே அலைந்து வாங்கிக் கொடுத்தேன், கூடவே ஒரு சீலையும். இப்போது பாய் கடையில் பூசணிக்காய் வாங்கினால், "ஓரமா ஒடைங்க, ஒடனே வாரிடுங்க" என்று சொல்லித்தான் கையில் கொடுக்கிறார். எங்கள் நிறுவனத்தின் மாதிரியில் காய்ந்த தார், ஈரத் தார், மணல் படிந்த தார் ஆகியவற்றுக்குக் கீழே 'அமாவாசை' என்று ஒரு தரை சேர்ந்திருக்கிறது. வடநாட்டுப் பொறியாளர்கள் அதைத் திக்கித்திணறி உச்சரிப்பதைக் கேட்பதில் எனக்கு அலாதி சந்தோஷம். தம்பி காக்கிச் சட்டை போட்டுவிட்டான்.

அதெல்லாம் பிறகு நடந்தவை. அன்றைக்கு எட்டுப் போடுகிற இடத்தில் கூட்டம் கலைந்தபிறகு, பூசணிக்காய் ஓடுகளை நான் வாரிக்கொண்டிருந்தேன். தம்பி பக்கத்தில் வந்து குந்தினான். அவனும் வார ஆரம்பித்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இருவதுலதான் வந்தேன்னு அன்னிக்கே சொன்னேன். நீ நம்பல. இப்பயாவது நம்புறியா?"

"இருவத்திரெண்டு" என்றேன். "ரெண்டு கொறச்சி சொல்லியிருக்க."

அவன் என்னை முறைத்தான். பிறகு கையிலிருந்த பூசணிக்காயை என் தலையில் தேய்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.